வெளிநாட்டில் பாடம் நடத்தப் போகிறவர்களுக்கு: முதல் பருவத்துக்கான முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் ஆசிரியர் வேலை உறுதியானதும் பலரும் முதலில் தேடிப் படிப்பது கைகுலுக்கும் முறை, விருந்துக்குப் போனால் நடந்துகொள்ளும் முறை, பரிசு கொடுக்கும் முறை போன்றவற்றைத்தான். அவற்றில் தப்பு நடந்தால் வெளியூர்க்காரர் என்று பெரும்பாலும் மன்னித்துவிடுவார்கள். வகுப்புக்குள் நடக்கும் தப்புக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. மதிப்பெண் போடுவது, கேள்வி கேட்பது, பிழையைத் திருத்துவது, கண்டிப்பது, பெற்றோரிடம் பேசுவது ஆகிய ஐந்தில்தான் புதிய ஆசிரியர்கள் திரும்பத் திரும்ப இடறுகிறார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியும் அவற்றையே சுற்றி வருகிறது. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் கவனிப்பு, அடுத்து விசாரிப்பு, அதற்குப் பிறகுதான் மாற்றம். போய்ச் சேர்ந்த வாரமே வகுப்பைத் தன் வழிக்குக் கொண்டுவரப் பார்த்தவர்கள், பருவம் முடியும்வரை வகுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பார்கள்.

1. கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், அனுபவக் கடிதம், காவல்துறை நன்னடத்தைச் சான்று ஆகிய நான்கையும் பெரும்பாலான நாடுகள் கேட்கும். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடு என்றால், ஆவணம் உண்மையானது என்று அதை வழங்கிய நாடே உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரை பெரும்பாலும் போதும். இல்லாவிட்டால் அந்த நாட்டின் தூதரகத்திலும் சான்றொப்பம் வாங்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பழைய குறிப்புகளை நம்பிப் போகாதீர்கள். உதாரணமாக, சீனாவில் இந்த உடன்படிக்கை 2023 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எழுதப்பட்டவை தூதரக வழியையே சொல்லும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, ‘போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுவது. ஆவணத்தை வழங்கிய நாட்டில்தான் அப்போஸ்டில் கிடைக்கும். போய்ச் சேர்ந்த நாட்டில் வாங்க முடியாது. நன்னடத்தைச் சான்றை மட்டும் கடைசியில் வாங்குங்கள். இத்தனை மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் கெடு வைத்திருப்பார்கள்.

பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

- டைம்டேபிள், ஒரு பீரியடின் நீளம், வகுப்பில் எத்தனை பேர், அவர்கள் வயது
- ஆண்டு முழுவதற்குமான நாட்காட்டி
- மதிப்பெண் முறை, கூடவே திருத்தப்பட்ட பழைய விடைத்தாள்கள் மூன்று
- ஒழுங்கு விதிகளும் குழந்தைப் பாதுகாப்பு விதிகளும், எழுத்து வடிவில்
- சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஒரு சக ஆசிரியரின் பெயர்

நாட்காட்டியை அலட்சியமாக விடாதீர்கள். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, தென் கொரியாவில் மார்ச்சில், ஆஸ்திரேலியாவில் ஜனவரி கடைசியை ஒட்டி, ஐரோப்பாவின் பல நாடுகளில் செப்டம்பரில். நீங்கள் போய்ச் சேரும் நாள் ஆண்டின் நடுவில் விழுந்தால், இன்னொருவர் பழக்கி வைத்த வகுப்பு உங்கள் கைக்கு வருகிறது என்று பொருள். அவர் போட்ட விதிகள் அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அவை என்னவென்று தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது.

2. மதிப்பெண் முறையை முதல் வகுப்புக்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள்

மற்ற எல்லாவற்றையும் போகப் போகக் கற்றுக்கொள்ளலாம், இதை முடியாது. தவறான மதிப்பெண் ஒருமுறை வீட்டுக்குப் போய்விட்டால் அதைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

ஜெர்மனியில் 1 முதல் 6 வரை மதிப்பிடுகிறார்கள். 1 மிகச் சிறந்தது, 6 மிக மோசமானது. பக்கத்து நாடான போலந்திலும் 1 முதல் 6 வரைதான், ஆனால் அங்கே 6 உச்சம், 1 தோல்வி. பிரான்ஸில் 20க்கு மதிப்பெண் போடுகிறார்கள், 10 எடுத்தால் தேர்ச்சி. 14, 15 வாங்கியவரை நன்றாகப் படிக்கும் மாணவர் என்பார்கள். முழு 20 அபூர்வம். அங்கே ‘நன்றாக எழுதியிருக்கிறான்’ என்று தாராளமாக 19 போட்டால் மாணவருக்குச் சந்தோஷமாக இருக்கும், மற்ற ஆசிரியர்களுக்கு உங்கள் மதிப்பீட்டின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

திருத்தும் குறிகளும் மாறும். ஜப்பானில் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள். டிக் குறி போட்டால் விடை தவறு என்று படிப்பார்கள். கொரியாவிலும் சரி என்றால் வட்டம்தான். அங்கே பெயரைச் சிவப்பு மையில் எழுதுவதை அபசகுனமாகக் கருதுகிறார்கள், எனவே சிவப்புப் பேனாவை விடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கணிதம், அறிவியல் நடத்துபவர்கள் எண்களையும் சரிபார்க்க வேண்டும். ஜெர்மனியில் 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. ஒன்றரையை 1,5 என்று எழுதுவார்கள். ஐரோப்பாவின் பல இடங்களில் கையால் எழுதும் 1க்கு மேலே நீண்ட கொம்பு இருக்கும், 7க்குக் குறுக்கே கோடு இருக்கும். வகுத்தல் கணக்கை எழுதும் அமைப்பே நாட்டுக்கு நாடு வேறு. மாணவர் சரியாகப் போட்ட கணக்கை ஆசிரியர் அடித்துவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பயிற்சி இது: கேட்டு வாங்கிய மூன்று விடைத்தாள்களில் ஒன்று முதல் வரிசை மாணவருடையது, ஒன்று நடுத்தரம், ஒன்று தேறுவாரா மாட்டாரா என்ற நிலையில் உள்ளவருடையது என்று இருக்கட்டும். போட்டிருக்கும் மதிப்பெண்ணை மறைத்துவிட்டு நீங்களே திருத்துங்கள். பிறகு ஒப்பிடுங்கள். வித்தியாசம் எங்கே வருகிறது என்று பாருங்கள்: வழிமுறைக்கா, இறுதி விடைக்கா, கையெழுத்துக்கா, நீளத்துக்கா? அந்த இடங்களைத்தான் சக ஆசிரியரிடம் கேட்க வேண்டும். பத்துப் பக்க விதிமுறைப் புத்தகத்தைவிட இந்த ஒரு பயிற்சி அதிகம் சொல்லித்தரும்.

3. முதல் வாரம் கடைசி பெஞ்சில் உட்காருங்கள்

குறைந்தது மூன்று வகுப்புகளைப் பாருங்கள். ஒன்று, நீங்கள் எடுக்கப்போகும் அதே மாணவர்களுக்கு வேறொருவர் நடத்துவது. இன்னொன்று, உங்கள் பாடத்தை வேறு பிரிவுக்கு நடத்துவது. மூன்றாவது, அந்தப் பள்ளியில் எல்லோரும் நல்ல ஆசிரியர் என்று சொல்பவர் நடத்துவது. மூன்றாவதைத் தவற விடவே கூடாது. ‘நல்ல ஆசிரியர்’ என்று அங்கே எதைச் சொல்கிறார்கள் என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

நோட்டில் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் கண்ணால் பார்த்தது மட்டும். வலப்பக்கம் அதற்கு இருக்கக்கூடிய காரணங்கள்.

‘ஆசிரியருக்கு மரியாதை இல்லை’ என்பது இடப்பக்கத்தில் எழுதக்கூடியது இல்லை, அது உங்கள் தீர்ப்பு. ‘மூன்று பேர் அனுமதி கேட்காமல் எழுந்து வெளியே போய் வந்தார்கள். ஆசிரியர் பாடத்தை நிறுத்தவில்லை’ என்பதுதான் பார்த்தது. வலப்பக்கத்தில் அதற்கு மூன்று காரணமாவது எழுதுங்கள்: கழிப்பறைக்குப் போக அனுமதி தேவையில்லை என்ற விதி இருக்கலாம், பாடத்தை இடைமறித்துக் கேட்பதுதான் அங்கே மரியாதைக் குறைவாக இருக்கலாம், இந்த ஆசிரியருக்கு நிஜமாகவே பிடிமானம் இல்லாமல் இருக்கலாம். ஒரே காரணம் எழுதினால் அது உங்கள் ஊர்ப் பழக்கத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். மூன்றாவது காரணத்தைத் தேடும்போதுதான் உண்மையாக யோசிக்க ஆரம்பிக்கிறோம்.

பிறகு கேளுங்கள். ‘இங்கே ஏன் இப்படி நடக்கிறது?’ என்றால் குறை சொல்வதாகப் படும், எதிரில் இருப்பவர் தன் பள்ளிக்கு வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடுவார். ‘இப்படி நடந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். செய்முறையே பதிலாகக் கிடைக்கும்.

4. பெயரும் உடல்மொழியும்

மாணவர் பட்டியலை முன்கூட்டியே வாங்கி, சக ஆசிரியரை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். குடும்பப் பெயர் முதலில் வருமா, கடைசியிலா என்று அதே நேரத்தில் கேட்டுவிடலாம். வாயில் நுழையவில்லை என்று மாணவருக்குச் செல்லப்பெயர் சூட்டாதீர்கள். வகுப்பு சிரிக்கும்; அந்த மாணவர் சிரிக்கிறாரா என்பது வேறு விஷயம்.

உங்களை எப்படி அழைப்பார்கள் என்பதற்கும் தயாராக இருங்கள். பின்லாந்தில் ஆசிரியரை முதற்பெயர் சொல்லிக் கூப்பிடுவது சாதாரணம், ஜப்பானில் அது நடக்காது. முதற்பெயரைக் கேட்டு முகம் சுளித்தால் ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு மோதல் முளைக்கும்.

சைகைகளுக்கு நீண்ட பட்டியல் மனப்பாடம் செய்ய வேண்டாம். தாய்லாந்தில் குழந்தையின் தலையைத் தொடக்கூடாது, பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் அசைப்பது ‘இல்லை’ என்றாகலாம் என்பதுபோல, போகும் நாட்டுக்குரிய நாலைந்து போதும். எங்கே போனாலும் பொருந்தும் விதி ஒன்று உண்டு: அங்கே எது வழக்கம் என்று தெரியும்வரை எந்த மாணவரையும் தொடாதீர்கள், பாராட்டும்போதும்கூட.

5. முதல் பாடத்தைப் பழைய அச்சிலேயே நடத்துங்கள்

கடைசி பெஞ்சிலிருந்து பார்த்த அதே தொடக்கம், அதே முடிவு. எழுந்து நின்று வணக்கம் சொல்லும் வழக்கம் என்றால் அப்படியே. உங்கள் பாணியிலிருந்து ஒரே ஒரு அம்சத்தை மட்டும் சேருங்கள். தெரிந்த அமைப்புக்குள் ஒரு புதுமை வந்தால் மாணவர்கள் அதைக் கவனிப்பார்கள். எல்லாமே புதிதாக இருந்தால் பாடம் பின்னால் போய்விடும், உங்களை மட்டும்தான் கவனிப்பார்கள்.

வழக்கமாக ஒரு பீரியடுக்கு எடுக்கும் பகுதியில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் திட்டமிடுங்கள். உச்சரிப்பு பழக, அறிவுறுத்தலைத் திரும்பச் சொல்ல, கரும்பலகையில் எழுதிக்காட்ட நேரம் போகும். மீதி நேரத்துக்கு ஒரு சிறு எழுத்துவேலை கைவசம் இருக்கட்டும்.

6. வகுப்பு அமைதியாக இருந்தால்

புதியவர்களை அதிகம் கலங்க வைப்பது இதுதான், அவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான்.

பாடம் முடிந்தது. ‘புரிந்ததா?’ என்று கேட்கிறீர்கள். முப்பது தலைகள் அசைகின்றன. ‘சந்தேகம் இருக்கிறதா?’ ஒரு கைகூட எழவில்லை. நிம்மதியாக வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்புகிறீர்கள். மறுநாள் பாதி நோட்டுகளில் தேதி மட்டும் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம் வரும். அவர்கள் ஏமாற்றவில்லை. பல இடங்களில் ‘புரியவில்லை’ என்று எல்லோர் முன்னாலும் சொல்வது, ‘நீங்கள் சரியாக நடத்தவில்லை’ என்று ஆசிரியரின் முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். அந்தத் தலையசைப்பு உங்களுக்குத் தந்த மரியாதை.

ஆகவே ‘புரிந்ததா?’ என்ற கேள்வியை அடியோடு விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் இந்த வரிசை:

முதலில், கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். காதால் கேட்டு மட்டும் பிடிக்க முடியாதவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும்.

அடுத்து, காத்திருங்கள். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் பொறுக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகவும் தெளிவாகவும் வருகின்றன என்றும் 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ தம் ஆய்வுகளில் காட்டினார். வேற்று மொழியில் யோசிக்கும் மாணவருக்கு மூன்று விநாடியும் போதாது, பத்துவரை மனதுக்குள் எண்ணுங்கள். எண்ணும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்காமல் பலகையைப் பாருங்கள், அவர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

மூன்றாவதாக, ஒரு நிமிடம் தனியாக எழுதச் சொல்லுங்கள். பிறகு இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும். அதற்குப் பின் ‘நீங்கள் இருவரும் என்ன பேசினீர்கள்?’ என்று கேளுங்கள். அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த முறை இது. அமைதியான வகுப்புகளில் இது எடுபடுவதற்குக் காரணம் எளிது: பதில் தவறாக இருந்தாலும் அது இரண்டு பேருடைய பதில், ஒருவர் மட்டும் தலைகுனிய வேண்டியதில்லை.

கடைசியாக, பீரியட் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது துண்டுச்சீட்டு கொடுங்கள். ஒரு கணக்கு, அல்லது ஒரு வாக்கியம். பெயர் எழுத வேண்டாம். அடுத்த வகுப்பை அந்தச் சீட்டுகளை வைத்துத் திட்டமிடுங்கள்.

இதற்கு நேரெதிரான வகுப்பும் உண்டு. குறுக்கே பேசுவார்கள், ‘நீங்கள் சொல்வது தவறு’ என்பார்கள், ஏன் என்று விடாமல் கேட்பார்கள். அங்கே அது பாடத்தில் ஆர்வம் இருப்பதன் அடையாளம். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு அடக்கினால், நன்றாகப் படிக்கும் மாணவர்களைத்தான் முதலில் இழப்பீர்கள்.

7. உங்கள் பேச்சு

ஒரு வாக்கியத்தில் ஒரு அறிவுறுத்தல். ‘புத்தகத்தை எடுத்து, 40ஆம் பக்கம் திறந்து, மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டு மற்றதை எழுதுங்கள்’ என்பது நாலு கட்டளை. அதைப் பிரித்துச் சொல்லுங்கள், எண்களைப் பலகையில் எழுதுங்கள், ஒன்றைச் செய்தும் காட்டுங்கள்.

கிண்டலை முதல் பருவத்தில் தொடவே வேண்டாம். குரலின் ஏற்ற இறக்கம் பிடிபடாதவருக்குக் கிண்டல் நேரடியான வசவாகத்தான் காதில் விழும். உள்ளூர் மொழியில் வகுப்பறைக்கு வேண்டிய முப்பது வாக்கியங்களைக் கற்றுக்கொள்ளுங்கள்: உட்காருங்கள், இன்னொரு முறை சொல்லுங்கள், நன்றாக இருக்கிறது, அவசரமில்லை. நீங்களும் தட்டுத்தடுமாறிப் பேசுவதைப் பார்த்தால் அவர்களுக்கும் வாய் திறக்கும் தைரியம் வரும்.

8. பிழை திருத்துவதும் காப்பியடிப்பதும்

எல்லோர் முன்னாலும் திருத்தலாமா என்பதை நீங்கள் பார்த்த வகுப்புகளை வைத்து முடிவு செய்யுங்கள். தெரியாவிட்டால் பிழையைப் பொதுவாக்கிவிடுங்கள்: ‘நேற்றைய நோட்டுகளில் இந்த வாக்கியம் பல இடங்களில் வந்தது, சேர்ந்து சரிசெய்வோம்’. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. பாராட்டிலும் இதே கவனம் வேண்டும். ஒருவரை மட்டும் எழுப்பி நிற்கவைத்துப் புகழ்வது சில வகுப்புகளில் தண்டனைக்குச் சமம், பிறகு அவர் வாயே திறக்கமாட்டார். நோட்டில் இரண்டு வரி எழுதிக்கொடுங்கள்.

ஒரே விடை நாலு நோட்டில் இருந்தால் உடனே குற்றம் சாட்டாதீர்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டுவது கடமை என்று வளர்ந்தவர்களாக இருக்கலாம். அறிஞர் எழுதியதை வரி மாறாமல் எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை என்று கற்றவர்களாகவும் இருக்கலாம். ஒவ்வொரு வேலையின் தலைப்பிலும் எழுதிவிடுங்கள்: ‘சேர்ந்து செய்யலாம்’, ‘பேசலாம், எழுதுவது தனியாக’, ‘முழுக்கத் தனியாக’. மேற்கோள் காட்டும் முறையை ஒரு பீரியட் ஒதுக்கிச் செய்துகாட்டுங்கள். இவ்வளவும் செய்த பிறகு நடந்தால் பள்ளியின் விதிப்படி நடவடிக்கை எடுக்கலாம், அதுவரை அது நீங்கள் சொல்லித்தராத பாடம்.

9. கண்டிப்பில் சொந்த யோசனை வேண்டாம்

இங்கே பழக்கவழக்கத்தைத் தாண்டிச் சட்டமும் இருக்கிறது. உடல்ரீதியான தண்டனையைப் பல நாடுகள் முழுவதுமாகத் தடை செய்திருக்கின்றன; ஸ்வீடன் 1979இலேயே வீட்டிலும் சேர்த்துத் தடை செய்தது. காதைத் திருகுவதும் தோளைப் பிடித்து உலுக்குவதும்கூட வேலையைப் பறிக்கலாம், வழக்கிலும் கொண்டுபோய் விடலாம். வகுப்புக்கு வெளியே நிறுத்துவது, இடைவேளையை மறுப்பது, பள்ளி முடிந்தபின் உட்காரவைப்பது ஆகியவற்றுக்கும் அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். விதியில் இல்லாத தண்டனையைக் கொடுக்காதீர்கள்.

மாணவர் படங்களுக்கும் இது பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே முதல் அமலில் உள்ளன. எந்த நாடாக இருந்தாலும், பள்ளியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் குழந்தைகளின் படத்தை உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் போடக்கூடாது. புதிய ஊரின் உற்சாகத்தில் முதல் வாரமே இதில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

ஒரு குழந்தைக்கு வீட்டில் ஆபத்து என்று சந்தேகம் வந்தால் ‘இங்கத்திய வழக்கமாக இருக்கும்’ என்று விட்டுவிடாதீர்கள். பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே சொல்லுங்கள். கலாச்சாரத்தை மதிக்கிறேன் என்று ஒதுங்கி நிற்கக்கூடாத இடம் இது.

10. பெற்றோரும் ஸ்டாஃப் ரூமும்

பெற்றோர் சந்திப்புக்குக் குழந்தையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அது குழந்தைக்குச் சங்கடம், சொன்னது அப்படியே போய்ச் சேரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பள்ளியிடம் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். மாணவர் எழுதிய இரண்டு நோட்டுகளை மேசையில் வையுங்கள். எதிரில் கண்ணால் பார்க்க ஒன்று இருந்தால் பேச்சு குணத்தை விட்டு வேலையின் பக்கம் வரும். குறையைச் சொன்னதும் அடுத்த வாக்கியத்திலேயே வீட்டில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்.

ஆசிரியர் கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை என்றால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல இடங்களில் முடிவு கூட்டத்துக்கு முன்பே தனித்தனியாகப் பேசி எடுக்கப்பட்டிருக்கும். உங்களிடம் யோசனை இருந்தால் முந்தின நாளே இரண்டு மூன்று பேரிடம் காட்டிவிடுங்கள். ‘பார்க்கலாம்’, ‘கொஞ்சம் கஷ்டம்’ என்று பதில் வந்தால் பெரும்பாலும் முடியாது என்று அர்த்தம். வற்புறுத்தாமல், ‘இதில் எந்தப் பகுதி சாத்தியம்?’ என்று கேளுங்கள்.

11. புதுமை தீர்ந்தபின் வரும் சோர்வு

முதல் சில வாரங்களின் உற்சாகம் அடங்கியதும் பலருக்குச் சோர்வு வரும். தூக்கம் கெடும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும், ‘இந்த ஊர் ஆட்களே இப்படித்தான்’ என்று வாயில் வரும். அந்த வாக்கியம் வந்தால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் பெரிய முடிவு எதுவும் வேண்டாம். ராஜினாமாக் கடிதமும் வேண்டாம், வகுப்பு விதிகளை மாற்றுவதும் வேண்டாம். பழைய வேலைத்தாள்களை எடுத்து நடத்துங்கள், திருத்தும் பளுவைக் குறையுங்கள். வாரத்தில் ஒரு மாலையை உங்கள் தாய்மொழியில் பேசுபவர்களுக்கு ஒதுக்குங்கள், இன்னொன்றைப் பள்ளிக்குச் சம்பந்தமில்லாத உள்ளூர்க் குழு ஒன்றுக்குக் கொடுங்கள். முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் ஆண்டு முடியும்போதும் புதியவர்களாகவே இருக்கிறார்கள்.

தூக்கமின்மையும் எரிச்சலும் நாலைந்து வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் காப்பீட்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

12. இனி மாற்றலாம்

பருவத்தின் பாதி கடந்தபின், உங்கள் பாணியில் மிகவும் வேண்டியது எது என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குழுவேலையா, மாணவரே கேள்வி தயாரிப்பதா, வாய்மொழித் தேர்வா? ஏன் என்று வகுப்புக்கும் தலைமையாசிரியருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். மூன்று வாரம் விடாமல் நடத்துங்கள். முதல் வாரம் குழப்பமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துக் கைவிட வேண்டாம்.

மூன்றாம் வாரக் கடைசியில் பெயரில்லாச் சீட்டில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ‘எதைத் தொடரலாம்? எதை மாற்றலாம்?’ உள்ளூர் மொழியிலேயே எழுதட்டும், சக ஆசிரியரோடு உட்கார்ந்து படியுங்கள். ஒரே புகார் மூன்றில் ஒரு பங்குச் சீட்டுகளில் வந்தால் அதைச் சரிசெய்த பிறகே அடுத்த மாற்றத்தைத் தொடங்குங்கள்.